கட்டியைப் பிதுக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெயில் காலத்தில் தொடையிலோ அக்குளிலோ கட்டி வந்தால் உடம்புச் சூடு என்கிறோம். இளநீர் குடித்துப் பார்க்கிறோம். வலி தாங்காமல் போனால் தெருமுனை மருந்துக் கடையில் நான்கு ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும்) மாத்திரை கேட்டு வாங்குகிறோம். அந்த நான்கு மாத்திரையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சீழ் வைக்கும் கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நல்ல உடல்நலம் உள்ளவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கினுள் அது தொல்லை தராமல் குடியிருக்கிறது. தோலில் கீறல் விழுந்தால் உள்ளே இறங்கிவிடும்.

1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது இந்த இனக் கிருமியை வளர்த்த தட்டில்தான். 1940-களிலேயே பெனிசிலினை உடைத்துப் போடும் வகைகள் பரவின. அவற்றை அடக்க 1959-இல் மெத்திசிலின் வந்தது. 1961-இல் அதற்கும் அடங்காத வகையை பிரிட்டனில் கண்டார்கள். மெத்திசிலினுக்கு அடங்காத அந்த வகையைத்தான் ஆங்கிலத்தில் சுருக்கமாக எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறார்கள். கிருமியின் செல்சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்குவது இந்த மருந்துகளின் வேலை. எம்.ஆர்.எஸ்.ஏ. அந்தப் பிடியில் சிக்காத வேறொரு புரதத்தைக் கொண்டு சுவரைக் கட்டிக்கொள்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் அமாக்சிசிலினும் பெனிசிலின் வகைதான்; எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் அது செல்லாது.

சளிக்கு ஆன்டிபயாடிக் விழுங்குவது இன்னும் மோசம். சளி வைரஸால் வருவது. மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் மூக்கிலும் தோலிலும் உள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்கியவை மடிய, அடங்காதவை இடம் பிடிக்கின்றன. அடுத்த கட்டி அவற்றால் வரலாம்.

கட்டியை உண்டாக்கும் இந்தக் கிருமி பெரும்பாலும் தொட்டுப் பரவுவது. ஒரே துண்டு, ஒரே சவரக் கத்தி, ஒரே பாய். நம் வடசென்னை குத்துச்சண்டைக்குப் பேர்போனது. பயிற்சிக்கூடங்களில் ஒருவர் கழற்றிய ஈரக் கையுறையை அடுத்தவர் மாட்டுகிறார். வியர்வையும் சிராய்ப்பும் தோலோடு தோல் உரசலும் ஒன்றுசேரும் இடம் அது. பயிற்சியாளர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: கைக்குச் சுற்றும் துணி ஆளுக்கொன்று இருக்கட்டும், தினமும் துவைக்கச் சொல்லுங்கள். கட்டி உள்ள பிள்ளையை ஆறும்வரை களத்தில் இறக்காதீர்கள். காசிமேட்டில் மீன் அரியும் அம்மாமார்களே, முள் குத்திய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டுப் போட்ட பிறகு வேலையைத் தொடருங்கள். மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் நோயாளியின் கட்டிலில் உட்கார வேண்டாம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள்.

வந்துவிட்ட கட்டியைப் பிதுக்காதீர்கள்; கிருமி ஆழத்துக்குப் போகும், விரலிலும் ஒட்டும். சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ்க்கட்டிக்கு முதல் வைத்தியம், மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவது. சிறிய கட்டிக்குப் பல சமயம் அதுவே போதும். தேவைப்பட்டால் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துத் தருவார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கும் மருந்து உண்டு, அச்சம் வேண்டாம். தந்த மருந்தைச் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள், மிச்சம் வைத்து இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, கட்டி மூக்கையோ மேலுதட்டையோ ஒட்டி இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.