நேப்பிள்ஸ்ல முதல் நாள்: மேல ஏறிட்டு, நடந்தே இறங்குங்க

வணக்கம் மக்களே! பின்னாடி சத்தம் கேக்குதா? சண்டை ஒண்ணும் இல்ல, மீன் வியாபாரம். இது பின்யசெக்கா சந்தை, இத்தாலில நேப்பிள்ஸ். தனியா, கம்மி பட்ஜெட்ல வர்றவங்க இங்க முதல் நாள எப்படி ஓட்டலாம்னு பாப்போம்.

வந்த அன்னிக்கே மியூசியத்துக்குள்ள போய் அடைஞ்சுக்காதீங்க. முதல்ல மலை மேல போங்க. ஏறத்தான் டிக்கெட், இறங்குறது ஃப்ரீ.

ஏர்போர்ட்ல இருந்து அலிபஸ், 5 யூரோ. முதல் ஸ்டாப் பியாட்சா கரிபால்டி, அதாவது ரயில்வே ஸ்டேஷன். அப்புறம் துறைமுகம். டாக்ஸிதான் வேணும்னா, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே "தரிஃபா ப்ரெதெத்தெர்மினாத்தா"ன்னு சொல்லிடுங்க. ஃபிக்ஸட் ரேட்டுனு அர்த்தம். நாமளா கேக்கலன்னா மீட்டர்தான் ஓடும். சக்கரம் வெச்ச பெட்டி வேணாம், முதுகுப் பைதான் சரி. பழைய ஊர் முழுக்க கறுப்பு எரிமலைக் கல்லு பதிச்ச தெரு, கல்லு இடுக்குல சக்கரம் மாட்டிக்கும்.

டிக்கெட்ல நெறைய பேரு ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. மெட்ரோ லைன் 1, ஃபுனிகொலாரே (மலையேறுற கேபிள் ரயில்) ரெண்டும் ஏஎன்எம் கம்பெனியோடது. லைன் 2 த்ரெனித்தாலியா ரயில்காரங்களோடது. ஏஎன்எம்மோட சாதா சிங்கிள் டிக்கெட் லைன் 2-ல செல்லாது. செக்கிங்ல மாட்டினா "எனக்குத் தெரியாது"ங்கிறதெல்லாம் எடுபடாது, ஃபைன்தான். டிக்கெட் வாங்க "T" போர்டு போட்ட தபாக்கிக்கு, அதாவது சிகரெட் கடைக்குப் போங்க.

இப்ப இந்தச் சந்தைக்குப் பக்கத்துல இருக்குற மோந்தெசாந்தோ ஸ்டேஷன்ல இருந்து ஃபுனிகொலாரே. நம்ம பழனி வின்ச் மாதிரிதான். கடைசி ஸ்டேஷன் மோர்கென். அங்கிருந்து சான் மார்த்தினோங்கிற பழைய மடத்துக்குப் பத்து நிமிஷ நடை. பக்கத்துல இருக்குற சாந்தெல்மோ கோட்டைக்குள்ள போகணும்னா டிக்கெட், மடத்து வாசல்ல இருக்குற திடல்ல நின்னு ஊரைப் பாக்குறதுக்கு டிக்கெட் எதுவும் வேணாம்.

இங்க பாருங்க, கேமராவ மெதுவா இறக்குறேன். அந்தக் கூரைங்களுக்கு நடுவுல கத்தி வெச்சுக் கீறின மாதிரி ஒரு நேர்கோடு போகுதா? அதுதான் ஸ்பக்கநாப்போலி. "நேப்பிள்ஸைப் பிளக்குறது"ன்னு அர்த்தம். கிரேக்கர்கள் இந்த ஊரைக் கட்டினப்போ போட்ட தெரு, இன்னிக்கும் அதே கோட்லதான் ஓடுது. அதுக்கு ஒரு வரிசை தள்ளி வியா தெய் திரிபுனாலி. இந்த ரெண்டையும் மனசுல வாங்கிக்கிட்டா, கீழ மேப் தேவையே படாது. அந்தப் பக்கம் நிக்கிறது வெசுவியஸ் எரிமலை, 1,281 மீட்டர்.

இறங்க, திடலோட ஓரத்துலயே பெதமெந்தீனா படிக்கட்டு, 414 படி. படியெல்லாம் தேஞ்சு கிடக்கு, மழை பெஞ்சா வழுக்கும். இருட்டினப்புறம் தனியா இந்தப் பக்கம் வேணாம். கீழ வந்தா கோர்சோ வித்தோரியோ எமனுவேலே ரோடு. அதைத் தாண்டி இறங்கினா திரும்பவும் இந்தச் சந்தைதான்.

காலைல 9 மணிக்கு மலை உச்சில இருந்தா, 11-க்குள்ள கீழ வந்துடலாம். நேரம் ஏன் முக்கியம்னா, நெறைய சர்ச்ச மத்தியானம் பூட்டிடுவாங்க, சாயங்காலம்தான் திரும்பத் திறப்பாங்க. ஜெசூ நுவோவோ, சாந்தா கியாரா ரெண்டு சர்ச்சும் ஃப்ரீ. சாந்தா கியாராவோட ஓடு பதிச்ச முற்றத்துக்கு மட்டும் டிக்கெட். சன்செவேரோ சேப்பல்ல இருக்குற, சல்லாத் துணி போத்தின மாதிரி பளிங்குல செதுக்கின 1753-ம் வருஷத்து இயேசு சிலைக்கு ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணுங்க. வாசல்ல போய் நின்னா ஏமாந்துடுவீங்க. அங்கயும் ஆர்க்கியாலஜி மியூசியத்துலயும் செவ்வாய்க்கிழமை லீவு, டிக்கெட் போடும்போதே பாத்துக்கோங்க.

காபி: முதல்ல கல்லாவுல காசு கட்டுங்க, அப்புறம் ரசீதோட கவுன்டர்ல நின்னுக்கிட்டே குடிங்க. உக்காந்தா ரேட்டே வேற. ஹோட்டல்ல "கொபெர்தோ"ன்னு டேபிள் சார்ஜ், தலைக்கு ரெண்டு யூரோ மாதிரி பில்லுல ஏறும். ஏமாத்து இல்ல, மெனுவுலயே போட்டிருப்பாங்க.

சைவக்காரங்களுக்கு: மரினாரா பீட்சான்னா மீன் இல்ல. தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய், அவ்ளோதான், சீஸ்கூட கிடையாது. உண்மையான ஆபத்து பாக்க அப்பாவியா இருக்குற நொறுக்குலதான். மிளகு போட்ட தரால்லோ முறுக்குல பன்றிக்கொழுப்பு இருக்கும், ஸ்ஃபோல்யதெல்லாங்கிற இனிப்பு பேஸ்ட்ரிலயும் பல கடைல அதேதான். "ஸ்த்ரூத்தோ?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, போதும்.

பையை முன்பக்கம் மாட்டுங்க, ஃபோன் ரோட்டுப் பக்கக் கைல வேணாம், ஸ்கூட்டர் உரசிக்கிட்டே போகும்.

சாப்பாட்டுக்கு வியா தெய் திரிபுனாலி. காசு மிச்சம் பண்ணணும்னா "அ போர்தஃபோல்யோ", அதாவது நாலா மடிச்சு பேப்பர்ல சுத்திக் கொடுக்குற சின்ன பீட்சா. முன்னாடி குனிஞ்சு கடிங்க, நேரா நின்னா தக்காளிச் சாறு மொத்தமும் சட்டைலதான். உக்காந்து சாப்பிடணும்னா, கூட்டமான கடைல வாசல்ல நிக்கிறவர்கிட்ட பேரையும் "ஊனோ"ன்னும் சொல்லிட்டு வெளிய நில்லுங்க. ஊனோன்னா ஒரு ஆளு. பாலசுப்ரமணியம்னு முழுசா கொடுத்துடாதீங்க, அவரு எதைக் கூப்பிட்டாருன்னே உங்களுக்குப் புரியாது. பாலா போதும்.