ஈகிள்ஸ் பாடல்கள் நாஷ்வில்லுக்குப் போனபோது

நேயர்களுக்கு வணக்கம்.

1993 அக்டோபரில் அமெரிக்காவில் ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. ‘காமன் த்ரெட்: தி சாங்ஸ் ஆஃப் தி ஈகிள்ஸ்’ என்று பெயர். ஈகிள்ஸ் ராக் குழுவின் 13 பாடல்களை, அமெரிக்கக் கிராமிய மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் அன்றைய கலைஞர்கள் பாடித் தந்த மரியாதைத் தொகுப்பு அது. டிராவிஸ் டிரிட், ஆலன் ஜாக்சன், கிளின்ட் பிளாக், வின்ஸ் கில், டிரிஷா இயர்வுட், டான்யா டக்கர், புரூக்ஸ் அண்ட் டன் என்று அந்தக் காலத்தின் முன்னணிப் பெயர்கள் பல அதில் இருந்தன. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. 1994இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதைக் கொடுத்தது. வருமானத்தில் ஒரு பங்கு, ஈகிள்ஸ் பாடகர் டான் ஹென்லி 1990இல் தொடங்கிய வால்டன் வுட்ஸ் திட்டத்துக்குப் போனது. மாசசூசெட்ஸில் எழுத்தாளர் தோரோ வாழ்ந்த வால்டன் குளத்தைச் சுற்றியுள்ள காட்டைக் காப்பாற்றும் திட்டம் அது.

எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டை இன்னொரு குரலில், இன்னொரு வகை இசையில் பதிவு செய்வதில் என்னென்ன வேலை இருக்கிறது, எங்கே பிசகுகிறது என்பதை இந்தத் தொகுப்பை வைத்தே இன்று பார்க்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஈகிள்ஸ் பாடல்களில் பாதி ஏற்கெனவே கன்ட்ரிதான். 1971இல் லாஸ் ஏஞ்சலஸில் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுக்குப் பின்னணி வாசித்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அவர்களில் பெர்னி லீடன் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்திலும் ஸ்டீல் கிதாரிலும் தேர்ந்தவர். 1972இல் வந்த ‘டேக் இட் ஈஸி’யில் பின்னால் துள்ளி ஓடும் பாஞ்சோ அவருடையது. 1975இல் வந்த ‘லையின் ஐஸ்’ கன்ட்ரி பட்டியலிலேயே 8ஆம் இடம் வரை ஏறியது. ஆகவே கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் கலைஞர்கள் இந்தப் பாடல்களுக்கு வேட்டி கட்டிவிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவை வேட்டியோடுதான் வந்தன.

இந்த உறவை ஒரே ஒரு தந்தியில் காட்டலாம். ‘பீஸ்ஃபுல் ஈஸி ஃபீலிங்’ பாட்டில் லீடன் வாசித்தது பி-பெண்டர் என்ற தந்தி இழுக்கும் கருவி பொருத்திய டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிதார். தோள்பட்டை வார் மாட்டும் பொத்தானுக்கும் இரண்டாம் தந்திக்கும் நடுவே கிதாரின் உடலுக்குள் ஒரு நெம்புகோல் ஓடுகிறது. கிதாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் பி தந்தி மட்டும் சி ஷார்ப்புக்கு இழுபடும், மற்ற தந்திகள் அசையாது. இப்போது பெடல் ஸ்டீல் கிதாருக்கு வாருங்கள். மேசை போல நான்கு கால்களில் நிற்கும் 10 தந்தி வாத்தியம் அது. இடது கையில் இரும்புத் தண்டு, வலது கைவிரல்களில் நகக்கவசம், இடது காலுக்கு மூன்று பெடல், வலது காலுக்கு ஒலியளவுப் பெடல், முழங்கால்களுக்கு நெம்புகோல்கள். நாஷ்வில்லில் வழக்கமான ஈ-நைன் சுருதியமைப்பில் முதல் பெடலை அழுத்தினால் பி தந்திகள் சி ஷார்ப்புக்கு ஏறும். அதே ஏற்றம்தான்! இரண்டாம் பெடல் ஜி ஷார்ப்பை ஏ ஆக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால், தண்டை நகர்த்தாமலே ஈ மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஏ மேஜராக வழுக்கிப் போகும். அந்த வழுக்கலைத்தான் நாம் கன்ட்ரியின் அழுகை என்று கேட்கிறோம். ராக் கிதார்காரர் பி-பெண்டரில் தேடியதும் அதையேதான்.

இனி பதிவு வேலை. எல்லாவற்றுக்கும் முதலில் தீர்மானமாக வேண்டியது சுருதி. நிறையத் தவறுவதும் இங்கேதான்.

‘டேக் இட் ஈஸி’யின் மூலச் சுருதி ஜி, நம் ஆர்மோனியக் கணக்கில் 5 கட்டை. அந்தத் தொடக்கத்தின் பளபளப்பு கிதாரின் திறந்த தந்திகளிலிருந்து வருகிறது. டி, ஜி, பி தந்திகள் விரல் படாமல் ஒலிக்கின்றன. தடித்த குரல்காரர் ஒருவருக்கு ஈ சுருதி வேண்டும் என்று வையுங்கள். கிதாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ சுருதியை ஏற்றும், இறக்காது. எனவே டி கார்டு வடிவத்தைப் பிடித்து இரண்டாம் கட்டத்தில் கேப்போ போடலாம், அல்லது சி வடிவத்துடன் நான்காம் கட்டத்தில் போடலாம். சுருதி சரியாகிவிடும். ஆனால் எந்தத் தந்தி திறந்து ஒலிக்கிறது என்பது மாறிவிடுவதால் கேட்பவர் காதுக்கு அது வேறு பாட்டாகப் படும். கிதாரையே மூன்று சாவி, அதாவது மூன்று அரைச் சுரம், இறக்கிக் கட்டினால் வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் தந்தி தொய்ந்து கட்டங்களில் உரசும். வழக்கமான 12 கேஜ் தந்திக்குப் பதில் அதைவிடத் தடித்த 13 போட்டால்தான் ஓரளவு நிற்கும். போன பளபளப்பை மீட்க நாஷ்வில்லுக்கென்றே ஒரு வழி உண்டு. இன்னொரு அகூஸ்டிக் கிதாரில் கீழ் நான்கு தந்திகளையும் கழற்றிவிட்டு, 12 தந்தி கிதார் செட்டிலுள்ள மெல்லிய தந்திகளை ஒரு ஸ்தாயி மேலே கட்டி, அதை முதல் கிதாரின் மேல் பூசியது போல வாசிப்பார்கள். கேட்பவருக்கு இரண்டு கிதார் என்று தெரியாது, வெளிச்சம் கூடியது மட்டும் தெரியும்.

‘நியூ கிட் இன் டவுன்’ இன்னும் ஆபத்தானது. டிரிஷா இயர்வுட் பாடிய பாட்டு. மூலம் ஈ சுருதியில் ஆரம்பித்து, மூன்றாம் சரணத்தில் ஜிக்கு ஏறி, பிறகு இறங்கும். கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் மூன்று சாவி ஏற்றம். முதல் சரணம் தொண்டைக்குச் சுகமாக இருக்கிறது என்று சுருதியை முடிவு செய்துவிட்டால், மூன்றாம் சரணத்தில் குரல் நெரியும். இசைக்கலைஞர்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு அது தெரியவந்தால், மூன்று மணி நேரப் பதிவு செஷனில் அரை மணி போய்விடும். அதனால் ஒத்திகையை மூன்றாம் சரணத்தின் உச்ச ஸ்வரத்திலிருந்து தொடங்குவதே சரி. அங்கே குரல் நின்றால் மற்ற இடங்களில் தானாக நிற்கும்.

‘டேக் இட் டு தி லிமிட்’ பாட்டில் சிக்கல் தலைகீழ். ராண்டி மைஸ்னர் பாடிய மூலத்தின் முடிவில் ஓர் ஆண்குரல் தன் எல்லையை முட்டி மேலே போகிறது; பாட்டின் பொருளே அந்த முட்டல்தான். தொகுப்பில் அதைப் பாடியவர் சூசி போகஸ். ஒரு பெண் அதே சுருதியில் பாடினால் அந்த உச்சம் அவருக்கு நடுத்தர இடம், சிரமமே இருக்காது, சிரமம் இல்லாததால் உருக்கமும் வராது. சுருதியை ஏற்றினால் உச்சம் கிடைக்கும், ஆனால் சரணத்தின் தாழ்ந்த வரிகளில் இருக்கும் கனம் குறையும். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். என் கணிப்பில் உச்சத்தைக் காப்பாற்றுவதே முக்கியம்.

சுருதி நிமிடத்துக்கு நிமிடம் மாறக்கூடும் என்பதால்தான் நாஷ்வில்லில் எண் முறையில் குறிப்பு எழுதுகிறார்கள். 1950களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற கூட்டுக்குரல் குழுவின் நீல் மேத்யூஸ் ஆரம்பித்தது, சார்லி மெக்காய் போன்றவர்கள் வளர்த்தது. கார்டின் பெயருக்குப் பதில் சுருதியிலிருந்து எத்தனையாவது என்ற எண். ஜி சுருதியில் ஜி என்றால் 1, சி என்றால் 4, டி என்றால் 5, ஈ மைனர் என்றால் 6, பக்கத்தில் ஒரு கழித்தல் கோடு. எண்ணைச் சுற்றி வைரக் கட்டம் போட்டால் அந்தக் கார்டை அடித்துவிட்டு ஒலிக்கவிட வேண்டும் என்று பொருள். பாடகர் அரைச் சுரம் இறக்கச் சொன்னால் தாளில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நம் ஊரில் ஸ்வரம் எழுதிவிட்டு எந்தக் கட்டையிலும் பாடுவது போலத்தான். ஒரே கவனம்: ‘நியூ கிட்’ போல நடுவில் சுருதி மாறும் பாட்டில், மாறும் இடத்தில் புதிய சுருதியின் பெயரைப் பெரிதாக எழுதாவிட்டால் பேஸ் கிதார் ஒரு பக்கம், ஸ்டீல் ஒரு பக்கம் போய்விடும்.

ஸ்டீல் பற்றி இன்னும் ஒன்று. ஸ்டீல் கலைஞர்கள் தங்கள் அந்தர காந்தாரத்தைப் பியானோவைவிடச் சற்றுக் குறைத்தே சுருதி சேர்ப்பார்கள், தனியாகக் கேட்கத் தேனாக இருக்கும் என்பதற்காக. ‘டெஸ்பராடோ’ போலப் பியானோவே முதுகெலும்பான பாட்டில் ஸ்டீல் அந்தக் காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் அலையடிப்பு கேட்கும். அங்கே ஸ்டீல் காந்தாரத்தைத் தவிர்த்து சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பிடிக்கலாம், அல்லது பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் பேசலாம். வரிக்கு வரி ஸ்டீலையும் பிடிலையும் நிரப்புவதுதான் கன்ட்ரி ஆக்குவது என்று நினைப்பது இந்த வகைத் தொகுப்புகளின் பெரிய நோய்.

ஈகிள்ஸ் என்றாலே கூட்டுக்குரல். ‘லையின் ஐஸ்’ பல்லவியில் மூன்று குரல்கள் ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மெய்யெழுத்தில் முடிய வேண்டும். வார்த்தையின் கடைசி ‘ஸ்’ மூன்று பேரிடமும் வெவ்வேறு நேரத்தில் வந்தால் பாம்பு சீறுவது போலக் கேட்கும். ஒருவர் மட்டும் அதை உச்சரித்து மற்றவர்கள் விழுங்கிவிடுவது பழைய கைவழி. இந்தப் பாட்டை டயமண்ட் ரியோவிடம் கொடுத்தது மிக நல்ல முடிவு. நாஷ்வில்லில் பெரும்பாலோர் பதிவுக்கு மட்டும் வாடகைக்கு வந்து வாசிக்கும் செஷன் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்த காலத்தில், தங்கள் வாத்தியங்களைத் தாங்களே வாசித்து, மூன்று குரல்களைத் தாங்களே பாடிய ஆறு பேர் குழு அது. வருடக்கணக்கில் ஒன்றாகப் பாடியவர்களின் மூச்சு ஒன்றாகவே விழும்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளியான பாட்டை மறுபடி பதிவு செய்ய எழுதியவரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். நிர்ணயித்த தொகையைக் கொடுத்தால் போதும். மெட்டின் அடிப்படையை மாற்றக்கூடாது. 1993இல் ஒரு பிரதிக்கு ஒரு பாட்டுக்கு 6.25 சென்ட், நீளமான பாட்டானால் நிமிடத்துக்கு 1.2 சென்ட் கணக்கு. இது எழுதியவருக்குப் போகிறது, முதலில் பாடியவருக்கு அல்ல. ‘பீஸ்ஃபுல் ஈஸி ஃபீலிங்’ எழுதிய ஜாக் டெம்ப்சின் ஈகிள்ஸ் உறுப்பினரே அல்ல. இதைவிடக் கடினம், வெவ்வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தத்தில் இருந்த கலைஞர்களை ஜெயன்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஒரே தட்டில் சேர்ப்பது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக விட்டுக்கொடுத்தால்தான் அது நடக்கும்.

அப்படிப் பல கைகளிலிருந்து வரும் பாடல்களில் ஒன்றின் பேஸ் கனத்து, ஒன்றின் குரல் முன்னே நின்று, ஒன்றின் சத்தம் குறைந்து இருக்கும். மாஸ்டரிங் செய்பவர், அதாவது வெளியீட்டுக்கு முன் எல்லாப் பாடல்களின் ஒலியையும் சேர்த்துச் சீராக்குபவர், மீட்டரைப் பார்த்து ஒலியளவைச் சமமாக்கினால் மெதுவான பாட்டு கத்தும், வேகமான பாட்டு சோர்ந்துவிடும். எல்லாப் பாட்டிலும் பாடகரின் குரல் ஒரே உயரத்தில் நிற்கும்படி காதால் சமன் செய்ய வேண்டும்.

எல்லா ராக் குழுவுக்கும் இந்த வழி பொருந்தாது. 2023இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களுக்கு ‘ஸ்டோன்ட் கோல்ட் கன்ட்ரி’ வந்தது. அதில் ‘ஹாங்கி டாங்க் விமன்’ பாடியவர்கள் அதே புரூக்ஸ் அண்ட் டன், 30 ஆண்டு கழித்து. அந்தப் பாட்டில் ஸ்டோன்ஸ் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் வாசிப்பு ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தை ஜி, டி, ஜி, பி, டி என்று திறந்த சுருதியில் கட்டி வாசிப்பது. வழக்கமான சுருதியில் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தட்டல் வராது. ஐந்து தந்தி பாஞ்சோவின் சுருதியும் இதே ஸ்வரங்கள்தான் என்பது பலருக்குத் தெரியாது. கன்ட்ரிக்காரர்களுக்கு அங்கேதான் கதவு திறக்கிறது.

‘காமன் த்ரெட்’டுக்குத் திரும்புவோம். டிராவிஸ் டிரிட்டின் ‘டேக் இட் ஈஸி’க்கு வீடியோ எடுத்தபோது, 1980இல் பிரிந்துபோன ஈகிள்ஸின் ஐந்து பேரும் அதில் ஒன்றாக வந்து வாசித்தார்கள். 1994இல் குழு மறுபடி மேடையேறியது. தொகுப்பில் ‘ஐ கான்ட் டெல் யூ வை’ பாடியவர் வின்ஸ் கில். மூலத்தில் டிமத்தி ஷ்மிட் பாடிய மெல்லிய உயர்குரல் பாட்டு. வின்ஸ் கில் தொண்டைக்கு அளந்து தைத்தது போல இருக்கும். ஈகிள்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளென் ஃப்ரே 2016இல் இறந்த பின், 2017இல் வின்ஸ் கில்லையே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று ஈகிள்ஸ் கச்சேரியில் ‘டேக் இட் டு தி லிமிட்’டின் அந்த உச்சத்தைத் தொடுபவர் அவர்தான். ‘ஐ கான்ட் டெல் யூ வை’ வரும்போது மட்டும் அவர் கிதாரோடு நிற்க, ஷ்மிட் முன்னே வந்து பாடுகிறார்.

வணக்கம்.