ரிப்போர்ட் சரியாகிவிட்டது, கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 54 வயதுத் தாயார் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "எனக்கு ஏழு வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது. கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் கூட என்று அட்டோவாஸ்டடின் 20 தந்தார்கள். நான்கு மாதம் போட்டதில் கெட்ட கொலஸ்ட்ரோல் 162 இலிருந்து 88க்கு இறங்கிவிட்டது. தொடர்ந்து போட்டால் கிட்னி போய்விடும் என்று லயத்தில் சொல்கிறார்கள், காலும் உளைகிறது. மூன்று வாரமாக நிறுத்தியிருக்கிறேன். தினமும் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிற எனக்கு இந்த மாத்திரை இனியும் தேவையா?"

அம்மா, தேவை. அந்த 88 என்பது மாத்திரை போட்ட உடம்பின் கணக்கு; மாத்திரை இல்லாத உடம்பின் கணக்கு 162 தான். நம் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலின் பெரும் பகுதி சாப்பாட்டிலிருந்து நேரே வருவதில்லை, ஈரல் தானே உற்பத்தி செய்கிறது. அந்த உற்பத்திக்கு வேண்டிய நொதியம் ஒன்றை அட்டோவாஸ்டடின் போன்ற ஸ்டடின் வகை மாத்திரை தடுத்துவைக்கிறது. தனக்குக் கொலஸ்ட்ரோல் போதாமற்போன ஈரல், இரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடித்து இழுக்கும் வாங்கிகளைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்வதால் இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. மாத்திரை நின்றால் தடுப்பும் நின்றுவிடும். சில வாரங்களிலேயே அளவு பழைய இடத்துக்கு ஏறிவிடும். நீங்கள் நிறுத்தி மூன்று வாரமாகிறது என்றால் இப்போதே பெரும்பாலும் ஏறியிருக்கும், ஆனால் உடம்பில் எந்த அடையாளமும் தெரியாது.

இன்னொன்றையும் கிளினிக்கில் உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். காலையிலேயே நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். சீனி வருத்தமுள்ள, 40 வயதைத் தாண்டிய ஒருவருக்கு இந்த மாத்திரை கொடுக்கப்படுவது ரிப்போர்ட்டிலுள்ள இலக்கத்தைத் திருத்துவதற்காக மட்டுமல்ல, மாரடைப்பும் பாரிசவாதமும் வராமல் காப்பதற்காகவே. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் சீனி வருத்தமுள்ள, அதுவரை இருதய நோய் வராத 2838 பேரிடம் நடத்தி 2004 இல் வெளியிட்ட 'கார்ட்ஸ்' ஆய்வில், கெட்ட கொலஸ்ட்ரோல் அப்படியொன்றும் கூடுதலாக இல்லாதவர்களுக்கே அட்டோவாஸ்டடின் 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் நூற்றுக்கு 37 என்ற அளவில் குறைந்தன. பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே ஏறக்குறைய இரண்டு வருடம் முந்தி முடித்துக்கொண்டார்கள்.

கிட்னிக் கதைக்கு வருகிறேன். சீனி வருத்தக்காரர்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சீனியும் பிரஷரும்தான். ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகும் காலத்தில் அவர் கையில் இந்த மாத்திரையும் இருப்பதால் பழி இதன் மேல் விழுந்துவிடுகிறது. இந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்றும் சிலர் பயப்படுவார்கள்; அந்தப் பயம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. சிலருக்கு ஈரல் பரிசோதனையின் அளவுகள் சற்று ஏறும், பெரிய பாதிப்பு மிக அரிது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் பிளேன்டி நிறத்தில் போனாலோ மட்டும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கால் உளைச்சலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரையை நிறுத்துகிறவர்களில் பலர் இதற்காகத்தான் நிறுத்துகிறார்கள். ஸ்டடினால் வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரியாகத் தொடையிலும் கெண்டைக்காலிலும் தோளிலும் வரும். தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ தெரியும். ஒரு முழங்கால் மட்டும், அதுவும் சரிவில் இறங்கும்போது வலிக்கிறது என்றால், அது கூடையைச் சுமந்து முப்பது வருடம் மலை ஏறிய மூட்டின் வலி. லண்டனில் நடந்து 2020 இல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி சொல்வதுண்டு. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டடினை நிறுத்திய 60 பேருக்கு ஒரு வருடத்துக்கான 12 போத்தல்களைக் கொடுத்தார்கள். நான்கில் உண்மையான மாத்திரை, நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு வெறும் போத்தல். உண்மையான மாத்திரையில் அவர்கள் உணர்ந்த தொல்லையில் நூற்றுக்கு 90 பங்கு, வெற்று மாத்திரை போட்ட மாதங்களிலும் இருந்தது. இதனால் வலி பொய் என்று நான் சொல்லவரவில்லை. வலி உண்மை, காரணம் வேறாக இருக்கலாம். உங்கள் விஷயத்தில் 'சிகே' என்ற தசைப் பரிசோதனையோடு தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைரொயிட் சுரப்பு குறைந்தால் கொலஸ்ட்ரோலும் கூடும், தசையும் நோகும். மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தாலும் அளவைக் குறைக்கவோ ரொசுவாஸ்டடின் போன்ற வேறொன்றுக்கு மாற்றவோ வழி இருக்கிறது.

மலை ஏறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த உழைப்பு உங்கள் சீனிக்கும் பிரஷருக்கும் இருதயத்துக்கும் நல்லது, ஆனால் கெட்ட கொலஸ்ட்ரோலை அது அதிகம் இறக்குவதில்லை. அதில் பரம்பரைக்குப் பெரிய பங்குண்டு. காலையில் ரொட்டியோடு தேங்காய்ச் சம்பலைக் குறைத்துப் பருப்பையோ கீரையையோ கூட்டினால் ஓரளவு இறங்கும், 162 ஐ 88 ஆக்கும் அளவுக்கு இறங்காது.

அட்டோவாஸ்டடினைக் காலையோ இரவோ, தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும்; சிம்வாஸ்டடின் தந்திருந்தால்தான் இரவு என்பது முக்கியம். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். இருமல், சளி என்று வேறு இடத்தில் மருந்து எடுக்கும்போது கிளினிக் கொப்பியைக் கட்டாயம் காட்டுங்கள், ஏனெனில் கிளரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் இந்த மாத்திரையின் அளவை இரத்தத்தில் ஏற்றித் தசையைப் பாதிக்கும்.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அடுத்த திகதிக்குக் காத்திராமல் இந்த வாரமே போய், கால் உளைச்சலைச் சொல்லி, மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். மூன்று வாரம் நிறுத்தியதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஏச்சு விழும் என்று பேசாமல் இருந்துவிட்டால், ஏறியிருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து, 20 ஐ 40 ஆக எழுதிவிடுவார்.