பேனா நட்பு: முதல் கடிதத்தில் என்ன எழுதுவது?

(திரையில்: வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை இரண்டு கைகள் பிரிக்கின்றன.)

வணக்கம். முகம் தெரியாத ஒருவரோடு, அதுவும் வேறொரு நாட்டில் இருப்பவரோடு, கடிதம் எழுதியே நட்பு வளர்க்க முடியுமா? முடியும். பேனா நட்பெல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டது என்று நினைப்பவர்கள் நிறைய, ஆனால் இன்றைக்கும் தாள் எடுத்து, கையால் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிறவர்கள் பின்லாந்திலும் இருக்கிறார்கள், பிரேசிலிலும் இருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், ஆசையாக ஆரம்பிக்கிற பலருக்கு இது இரண்டாவது கடிதத்தோடு நின்றுபோகிறது. கேட்டால் தபால் தாமதம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதில் எழுத உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ள அந்தக் கடிதத்தில் ஒன்றுமே இருப்பதில்லை, அதுதான் காரணம்.

இதற்கு நேர்மாறான ஒரு கடிதத்தை முதலில் பார்த்துவிடலாம்.

(திரையில்: வரைபடம். அமெரிக்காவின் அயோவா, பிறகு ஆம்ஸ்டர்டாம்.)

அயோவா மாநிலத்தில் டான்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பர்டி மேத்யூஸ் என்ற ஆசிரியை தன் மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுத்துக் கடிதம் எழுத வைத்தார். ஜுவானிட்டா வாக்னர் என்ற சிறுமிக்குக் கிடைத்தது ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஒரு 10 வயதுப் பெண்ணின் பெயர். ஆன் ஃபிராங்க். ஆமாம், பிற்பாடு போர்க்கால நாட்குறிப்பு எழுதி உலகம் முழுக்க அறியப்பட்ட அதே ஆன் ஃபிராங்க்தான். 1940 ஏப்ரல் 29 தேதியிட்ட அவளுடைய பதில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஜுவானிட்டாவின் ஊர்ப்பக்கத்தை வரைபடத்தில் தேடி, பக்கத்து ஊரான பர்லிங்டனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாள். படம் போட்ட அஞ்சலட்டைகள் சேர்க்கிறேன், ஏற்கெனவே 800 வரை இருக்கிறது என்று சொல்லி ஆம்ஸ்டர்டாம் படம் போட்ட ஓர் அட்டையைச் சேர்த்து வைத்திருக்கிறாள். என் பிறந்தநாள் ஜூன் 12, உன்னுடையது எப்போது, உன் போட்டோ ஒன்று அனுப்பு என்று கேட்கிறாள். ஒரே கடிதத்தில் ஜுவானிட்டா பதில் எழுத எத்தனை விஷயம்!

அதே சமயம் அக்கா மார்கோட்டும் ஜுவானிட்டாவின் அக்கா பெட்டி ஆனுக்கு எழுதினாள். அமெரிக்கச் சகோதரிகள் உடனே பதில் போட்டார்கள். ஆனால் மே 10ஆம் தேதி ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் புகுந்துவிட்டது. அதற்கப்புறம் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. போர் முடிந்ததும் பெட்டி ஆன் அதே பழைய முகவரிக்கு மறுபடி எழுத, பதில் எழுதியது ஆன், மார்கோட் இருவரின் அப்பா ஓட்டோ ஃபிராங்க். ஆளுக்கு ஒரே ஒரு கடிதம் வந்த நட்புதான், ஆனாலும் போர் முடிந்த பிறகும் பெட்டி ஆனை அவர்களைத் தேட வைத்தது.

(திரையில்: அஞ்சல் பைகள், விமானம்.)

சரி, நம் ஊரில் ஒட்டுகிற தபால்தலையை நம்பி இன்னொரு நாட்டுத் தபால்காரர் ஏன் வீடு தேடிப் போய்க் கொடுக்கிறார்? 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் போட்ட ஒப்பந்தம்தான் அதற்கு அடிப்படை. அதுவரை நாட்டுக்கு நாடு தனித்தனி உடன்பாடு, தனித்தனிக் கட்டணம். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, அனுப்புகிற இடத்தில் ஒருமுறை காசு கட்டினால் போதும், உலகமே ஒரே தபால் எல்லை. இந்தியா 1876இல் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தில் பிறந்த அமைப்புதான் இன்றைய உலகத் தபால் ஒன்றியம், இப்போது அதில் 192 நாடுகள்.

ஆனால் இது இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டில் 140 கோடியாக இருந்த கடிதங்கள் 2024இல் 11 கோடியாகக் குறைந்தன. 1624இலிருந்து நடந்த அரசுக் கடிதச் சேவையை 2025 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள், இப்போது ஒரு தனியார் நிறுவனம் கடிதம் கொடுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், எழுத ஆசை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

ஆளை எங்கே பிடிப்பது? பயந்து பயந்து ஆரம்பிப்பவர்களுக்கு போஸ்ட்கிராஸிங் என்ற இணையதளம் நல்லது. 2005 ஜூலையில் போர்ச்சுகலைச் சேர்ந்த பாவ்லோ மகல்ஹயிஸ் தொடங்கியது. நீங்கள் ஒரு முகவரி கேட்டு அஞ்சலட்டை அனுப்புவீர்கள், அது போய்ச் சேர்ந்ததாக வாங்கியவர் பதிவு செய்தால் உலகத்தின் வேறொரு மூலையிலிருந்து உங்களுக்கு ஓர் அட்டை வரும். இது பேனா நட்பு ஆகாது, ஒரு தடவையோடு முடிகிற பரிமாற்றம். ஆனாலும் தபாலுக்குக் கை பழகும். யாராவது மனசுக்குப் பிடித்தால் கடிதமாகத் தொடரலாமா என்று கேளுங்கள்.

(திரையில்: வெள்ளைத் தாள், பேனா.)

இப்போது முதல் கடிதம். பெயர், வயது, படிப்பு, பொழுதுபோக்கு, பிடித்த நிறம் என்று விண்ணப்பப் படிவம் மாதிரி எழுதாதீர்கள். இரண்டு வரியில் அதை முடித்துவிட்டு, உங்கள் வீட்டில் இந்த வாரம் நடந்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு விலாவாரியாக எழுதுங்கள். அம்மா மொட்டை மாடியில் வடகம் பிழிந்து காயப்போட்டிருக்கிறார், காக்காய் வராமல் இருக்கப் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்திருக்கிறார், மத்தியானம் பாதி காய்ந்திருக்கும்போதே நீங்கள் நாலைந்தை எடுத்து வாயில் போட்டுவிட்டீர்கள், அது எப்படி இருந்தது, இதையெல்லாம் எழுதுங்கள். எழுதிவிட்டு, உங்கள் ஊரில் வருஷத்துக்கு வேண்டியதை எதையாவது சேர்த்து வைப்பீர்களா என்று கேளுங்கள். பின்லாந்துக்காரராக இருந்தால் காட்டில் போய்ப் பறித்துவந்த பெர்ரிப் பழம், காளான் என்று இரண்டு பக்கம் எழுதிவிடுவார். அவரால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வி, கடிதத்துக்கு அப்படி ஒன்றாவது வேண்டும். இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அவருக்கும் அது பெரும்பாலும் இரண்டாவது மொழியாகத்தான் இருக்கும். கடைசியில் உங்கள் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வர இரண்டு மாதம்கூட ஆகலாம், என்ன கேட்டோம் என்பதே அதற்குள் மறந்துபோகும்.

(திரையில்: உறையின் முன்பக்கம்.)

உறையில் உங்கள் முகவரி இடது மேல் மூலையில், அவருடையது நடுவில். நாட்டின் பெயர் கடைசி வரியில், ஆங்கிலப் பெரிய எழுத்தில். ஜப்பானுக்கு என்றால் மேலே இருப்பது ஜப்பானிய எழுத்திலேயே இருக்கலாம், நாட்டுப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். மை பேனாவில் எழுதினால் மழையில் கரைந்துவிடும், முகவரிக்குப் பால்பாயிண்ட்தான் சரி. சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம், மூன்று தாளும் உறையும் சேர்ந்தாலே 20 கிராமைத் தொட்டுவிடும், அதனால் தபால் ஆபீஸ் கவுண்டரில் எடை போட்டுக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். உள்ளே பஸ் டிக்கெட், ஸ்டிக்கர், பழைய தபால்தலை மாதிரி காகிதமாக வையுங்கள். ரூபாய் நோட்டு கூடாது. விதை, காய்ந்த பூ, இலை வேண்டவே வேண்டாம், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதில் ரொம்பக் கண்டிப்பு.

பள்ளிப் பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். வீட்டு முகவரி கொடுக்கத் தயக்கமாக இருந்தால் தபால் ஆபீசில் தபால் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கடிதம் எழுதுகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பதில் வந்தால், அந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உங்கள் கதைக்குப் போக வேண்டும். மூன்று மாதமாகியும் வரவில்லையா? தபாலில் தொலைந்தும் இருக்கலாம், அதனால் கோபமில்லாமல் ஒரு அஞ்சலட்டை போட்டு, என் கடிதம் கிடைத்ததா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொருவருக்குப் புதுக் கடிதம் எழுதுங்கள்.