அவன் எங்கேயும் போகவில்லை, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்த மழையிலும் மயிலாப்பூர் வரை வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

'பழைய கொடுமைக்காரனை நாயகி நேருக்கு நேர் சந்திக்கும் உளவியல் த்ரில்லர்கள், பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணிவு தருகின்றனவா, பாரம் ஏற்றுகின்றனவா?' இதுதான் தலைப்பு. பாரம் ஏற்றுகின்றன என்று பேச வந்திருக்கிறேன். அணி பிரித்தார்கள் என்பதற்காகப் பேசவில்லை, நம்பித்தான் பேசுகிறேன்.

எதிரணித் தலைவி ஒரு கதை சொன்னார். இருபது வருடம் கழித்துத் தன் வீட்டு வாசலில் ஒரு பெண் அந்தக் குரலைக் கேட்கிறாள். கதவைத் தாழிடுகிறாள். அவனை நாற்காலியில் கட்டிப்போட்டு, போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்கிறாள். கடைசி பத்து நிமிடத்தில் அவன் உடைந்து அழுது, 'ஆமாம், நான்தான் செய்தேன்' என்கிறான். அந்த இடத்தில் தியேட்டரே கைதட்டியது என்றார். இங்கேயும் தட்டினீர்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் நெஞ்சுக்குள்ளேயே போட்டுப் பூட்டிய ஆசை அது.

ஆனால் அந்தக் கதையில் அவன் எங்கிருந்து வந்தான்? இருபது வருடம் காணாமல் போயிருந்து, ஒரு மழை ராத்திரியில் திரும்பி வந்தான். நம் வீடுகளில் அவன் எங்கே காணாமல் போனான்? 2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 53.22 சதவீதம் பேர் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பி ஒப்படைக்கப்பட்ட இடத்தில் இருந்தவர்கள். டியூஷன் சார், மாடி வீட்டு அங்கிள், அம்மாவின் தம்பி.

அப்படிப்பட்டவன் திரும்பி வருவதில்லை நடுவர் அவர்களே, அவன் போகவே இல்லை. பொங்கலுக்கு வருகிறான், காதுகுத்துக்கு வருகிறான். கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர் பெரியவர்கள் வரிசையில் அச்சாகிறது. மணவறையில் அந்தப் பெண்ணைப் பிடித்துத் தள்ளி, "மாமா கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோம்மா" என்கிறார்கள். அவள் விழுகிறாள். வீடியோகிராபர் அதைப் படம் பிடிக்கிறார். எதிரணி 'நேருக்கு நேர்' என்று பெரிதாகச் சொல்கிறதே, அந்த நேருக்கு நேர் அவளுக்கு வருடத்துக்குப் பத்து தடவை நடக்கிறது. சுற்றி நூறு பேர் இருக்கிறார்கள், அதில் தெரிந்தும் வாயைத் திறக்காதவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அவளிடம் போய், 'துணிவு இருந்தால் அவன் முகத்தைப் பார்த்துக் கேள்' என்று ஒரு படம் சொல்வதைத்தான் நான் பாரம் என்கிறேன். இத்தனை வருடம் கேட்காமல் இருந்தது அவள் கோழைத்தனம் என்று அவளையே நினைக்க வைக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு உறைந்துபோவதும், குரல் எழும்பாமல் போவதும் அச்சத்தில் உடம்பு தானாகச் செய்வது. மனநல மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

அடுத்தது அந்த வாக்குமூலம். நான் தொழிலால் வக்கீல். கேட்டவுடன் ஒத்துக்கொண்டு அழுத ஆளை நான் பார்த்ததில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997-லேயே இதை எழுதினார். குற்றம் சாட்டப்பட்டவன் முதலில் மறுப்பான், பிறகு கேட்டவள் மேலேயே பாய்வான், கடைசியில் தான்தான் பாதிக்கப்பட்டவன் என்று ஆக்கிவிடுவான். நம் ஊரில் இது எப்படிக் காதில் விழும்? "என் மடியில வளர்ந்த பொண்ணு, என்னைப் போய் இப்படிச் சொல்லிட்டாளே." அதோடு முடிந்தது. வீடே அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். அவன் ஒத்துக்கொண்டால்தான் தனக்கு நிம்மதி என்று ஒரு பெண்ணை நம்ப வைத்தால், அவள் நிம்மதியின் சாவியை மறுபடியும் அவன் கையிலேயே கொடுக்கிறோம்.

அந்த நாற்காலியும் கயிறும் இருக்கிறதே, அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஒருவரை அடைத்து வைத்து வாக்குமூலம் பிடுங்குவது பழைய தண்டனைச் சட்டத்தில் 348-ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் அப்படியே இருக்கிறது. அவள் உள்ளே போவாள். மிரட்டி வாங்கிய அந்த ரெக்கார்டிங்கை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே சாய்த்துவிடுவார், அவன் வெளியே நடந்து போவான்.

இப்போது நம் சட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 2004-ல், சாக்ஷி என்ற தொண்டு நிறுவனம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவன் படாதபடி மறைப்பு வைக்கச் சொன்னது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 36-ஆம் பிரிவு அதைக் குழந்தைகளுக்கு எழுத்திலேயே உறுதி செய்தது. வீடியோ வழியாக இருக்கலாம், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடியாக இருக்கலாம், திரைச்சீலையாக இருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். எத்தனை பேர் எத்தனை வருடம் போராடி, அவள் அவன் முகத்தைப் பார்க்காமலேயே நியாயம் கேட்கலாம் என்ற ஓர் இடத்தை உருவாக்கினார்கள்! அந்த மறைப்பைக் கிழித்து, மறுபடியும் அவன் எதிரில் உட்கார வைப்பதைத்தான் இந்தக் கதைகள் வீரம் என்கின்றன.

"கோர்ட்டுக்குப் போனால் நியாயம் கிடைத்துவிடுமா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கோபம். விசாரணையை முடிந்தவரை ஒரு வருடத்தில் முடிக்கச் சொல்கிறது போக்சோவின் 35-ஆம் பிரிவு, பல வழக்குகள் முடிவதில்லை. போக்சோவுக்கு முன்னால் நடந்தவை பழைய தண்டனைச் சட்டத்தில்தான் வரும். அங்கே ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மூன்று வருடக் காலவரம்பு உண்டு. எட்டு வயதில் நடந்ததைப் பதினொரு வயதுக்குள் புகார் கொடு என்றால் எந்தக் குழந்தை கொடுக்கும்? இது அநியாயம்தான். இந்த அநியாயத்தோடு மோதிய ஒரு பெண் உண்டு. சென்னையில் சிறுவயதில் பாதிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்து வெளியே வந்து பேசினார். அவர் கயிறு எடுக்கவில்லை. மனு எழுதினார், அமைச்சரைப் பார்த்தார். 2018 அக்டோபரில், போக்சோ புகாருக்குக் காலவரம்பு கிடையாது என்று மத்திய அரசு தெளிவுபடுத்தியது. இதைவிட விறுவிறுப்பான கதை வேண்டுமா?

கண்ணகியைக் காட்டினார் இன்னொரு நண்பர். மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கும் அந்தத் தாயை நானும் வணங்குகிறேன். ஆனால் அவள் யாரையும் தனியறையில் பூட்டவில்லை. ஊரறிய அரசவைக்குப் போனாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள், கேட்க வேண்டியவன் கேட்டான். இதில் பாதி எங்கள் அணியின் வாதம்.

இன்னொன்று, யாருமே பேசாதது. அதே 2007 ஆய்வில் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். இந்த த்ரில்லர்களில் அவர்கள் எங்கே? 'ஆம்பளப் புள்ள, அவனுக்கென்ன' என்று வீடு சொல்வதைத்தான் திரையும் சொல்கிறது.

எதிரணியின் மிக வலுவான பேச்சுக்கு வருகிறேன். இப்படி ஒரு படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, தன் தோழி முதன்முதலாக வாய் திறந்தாள் என்று கடைசியாகப் பேசிய தங்கை சொன்னார். குரல் உடைந்து சொன்னார், எனக்கும் கண் கலங்கியது. அந்தத் தோழி யாரிடம் வாய் திறந்தாள் தங்கையே? அவனிடமா? அம்மாவிடம். "ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்று கேட்காமல் அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார் என்று நீங்களே சொன்னீர்கள். அவள் மீண்டது அந்தக் கையால்தான். நீங்கள் சொன்ன படத்தில் அம்மாவுக்கு எத்தனை காட்சி?

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் தாருங்கள். எழுத்தாளர்களிடமும் இயக்குநர்களிடமும் கேட்கிறேன், அந்த அம்மாவை வைத்து ஒரு த்ரில்லர் எடுங்கள். மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பெயர்ப் பட்டியல் எழுதுகிறாள். கூடப்பிறந்த தம்பியின் பெயர் வருகிறது. பக்கத்தில் கணவன், எதிரில் மாமியார், போனில் ஊர்ப் பெரியவர். அவள் அந்தப் பெயரை அடிப்பாளா, மாட்டாளா? இரண்டரை மணி நேரம் எங்களைச் சீட்டு நுனியில் உட்கார வையுங்கள். பார்க்கிற பெண் அன்று கூடுதல் சுமை இல்லாமல் வீட்டுக்குப் போவாள், அவள் பக்கத்து சீட்டில் இருக்கிற மாமாவும் அத்தையும் அப்பாவும் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டு போவார்கள்.

தீர்ப்பு எங்கள் அணிக்கே என்று கேட்டு அமர்கிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.