மூட்டாரே: மாறுவதும் மாற்றிக்கொள்வதும்

நண்பர்களே, வணக்கம். இன்று ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். லத்தீனில் ‘மூட்டாரே’. அகராதியில் ‘மூட்டோ’ என்று தேடுங்கள். லத்தீன் அகராதிகள் வினையைத் தன்மை ஒருமையில்தான் தரும். ‘மாற்றுகிறேன்’ என்று பொருள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நாம் உருவத்தையும் மாற்றுகிறோம், பண்டத்தையும் மாற்றுகிறோம் இல்லையா? குறுந்தொகையில் ‘உப்பு மாறி’ என்றால் உப்பைக் கொடுத்து நெல் வாங்குவது. மூட்டாரேவும் அப்படித்தான், பண்டமாற்றுக்கும் அதே சொல். கொடுத்தது எது, பெற்றது எது என்பதை வேற்றுமை உருபை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘வெஸ்டெம் மூட்டாரே’ என்றால் ஆடை மாற்றுவது. ரோமில் அது துக்க உடைக்கு மாறுவதையும் குறித்தது. கி.மு. 58-இல் ரோமானிய அரசியல்வாதி சிசெரோவுக்கு ஆபத்து நெருங்கியபோது செனட்டர்கள் இப்படி ஆடை மாற்றினார்கள்.

சரி, உருமாற்றத்துக்கு வருவோம். ரோமானியக் கவிஞர் ஓவிட் தம் ‘மெட்டமார்ஃபசிஸ்’ காவியத்தின் 15-ஆம் காண்டத்தில் கிரேக்கத் தத்துவஞானி பித்தகோரஸைப் பேச வைக்கிறார்: ‘ஓம்னியா மூட்டாந்துர், நிஹில் இன்டெரிட்’. எல்லாம் மாறுகின்றன, எதுவும் அழிவதில்லை. ‘மூட்டாந்துர்’ வடிவத்தில் செயப்பாட்டுவினை. ‘மாற்றப்படுகின்றன’ என்றும் சொல்லலாம். நமக்கு மாறு, மாற்று என்று இரண்டு வினை இருப்பதால் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எனக்கு ‘மாறுகின்றன’தான் சரியாகப் படுகிறது, அந்த வரியில் மாற்றுகிறவர் யாரும் இல்லை.

முதல் காண்டத்தில், டாஃப்னி என்ற பெண்ணின் கதையில், மாற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார். அப்போலோ என்ற தெய்வம் அவளைத் துரத்துகிறான். அவள் தன் தந்தையான நதித் தெய்வத்திடம் கதறுகிறாள்: ‘மூட்டாண்டோ பெர்டே ஃபிகூராம்’. என் உருவத்தை மாற்றி அழித்துவிடு! எத்தனை முறை படித்தாலும் நான் இந்த இடத்தில் நின்றுவிடுவேன். ‘அழி’ என்று மட்டும் கேட்கவில்லை அவள். ‘மாற்றி’ என்கிறாள். உருவத்தைக் கொடுத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறாள், உப்பைக் கொடுத்து நெல் வாங்குகிற மாதிரி. அப்புறம் நடப்பதை ஓவிட் கண்முன் நிறுத்துகிறார். மெல்லிய பட்டை மார்பைச் சூழ்கிறது. கூந்தல் இலையாகிறது, கைகள் கிளையாகின்றன. இவ்வளவு நேரம் ஓடிய கால் வேர்விட்டு நிற்கிறது. அப்போலோ அடிமரத்தில் கை வைத்துப் பார்க்கிறான். புதுப் பட்டைக்கு அடியில் நெஞ்சு இன்னும் துடிக்கிறது. முத்தமிடுகிறான். மரம் அதற்கும் விலகுகிறது.