காலையில் அடுக்கி வைத்தால் சாயங்காலம் சோறு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், ஒரு நாளின் மிகக் கடினமான நேரம் எது என்று கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை என்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிள்ளைக்குப் பசி. பெரியவனுக்கு வீட்டுப்பாடம், சின்னவளுக்கு உங்கள் மடி. அந்த நேரத்தில்தான் வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல வரும்போது நாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு 'ம்' கொட்டுகிறோம். எனக்கு இதுதான் நெடுநாள் கவலை. ஸ்லோ குக்கரைப் பற்றி நான் எங்கே போனாலும் பேசுவதற்கும் இதுதான் காரணம்.

ஸ்லோ குக்கரால் சமையல் நேரம் கூடத்தான் செய்யும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆகும். ஆனால் உங்கள் கைவேலை சாயங்காலத்தை விட்டுக் காலைக்கோ, முந்தின இரவு பிள்ளைகள் தூங்கின பிறகோ நகர்ந்துவிடுகிறது. அது இருபது நிமிட வேலை. யாரும் சேலையையோ சட்டையையோ பிடித்து இழுக்காத இருபது நிமிடம்.

பாத்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கனமான பீங்கான் சட்டி ஒன்று. அதைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் வெளிக்கூடு. மேலே கண்ணாடி மூடி. குறைந்த சூடு, அதிகச் சூடு, வெதுவெதுப்பு என்று பொதுவாக மூன்று நிலைகள். குறைந்த சூடு என்றால் உணவு அரைகுறையாக வேகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டு நிலையும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே சூட்டில் போய்த்தான் நிற்கும். அதிகச் சூடு அங்கே சீக்கிரம் போகும், குறைந்த சூடு நிதானமாகப் போகும், அவ்வளவுதான்.

இந்தச் சட்டி பிறந்த கதையைச் சொல்லாமல் என்னால் அடுத்த பேச்சுக்குப் போக முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்று ஒரு கண்டுபிடிப்பாளர் இருந்தார். அவருடைய தாயார் லிதுவேனியாவில் வளர்ந்த யூதப் பெண். யூதர்களின் ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை இரவு முடியும். அந்த நேரத்தில் தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் சூடான சாப்பாடு வேண்டுமே! அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள், பீன்ஸ், காய்கறி, இறைச்சி எல்லாம் போட்ட சட்டியைச் சிறுமியாக இருந்த அந்த அம்மாளின் கையில் கொடுத்து ரொட்டிக் கடைக்கு அனுப்புவார்கள். கடைக்காரரின் அடுப்பில் தீ அணைந்திருக்கும், ஆனால் சுவர்களில் சூடு தேங்கி நிற்கும். அந்தச் சூட்டிலேயே சட்டி இரவு முழுக்க இருக்கும். யாரும் கிளறுவதில்லை, யாரும் பார்ப்பதில்லை. மறுநாள் போய் எடுத்து வந்தால் எல்லாம் பதமாக வெந்திருக்கும்.

அம்மா சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் நாக்சனுக்கு யோசனை வந்தது. சட்டியைச் சுற்றி மின்கம்பிச் சுருளை வைத்து, அணைந்த அடுப்பின் அந்த நிதானமான சூட்டை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. சட்டி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஒன்றைத்தான். ராத்திரி முழுக்க அந்தச் சட்டியின் மூடியை யாரும் திறக்கவில்லை. நேயர்களே, மூடியைத் திறக்காதீர்கள். இந்த உரையில் இதை இன்னும் சில முறை சொல்வேன். நமக்கு அடுப்பருகே நின்று கிளறியே பழக்கம், கை சும்மா இருக்காது. ஒரு முறை மூடியைத் தூக்கினால் உள்ளே இருந்த ஆவி வெளியே போய்விடும். இழந்த சூட்டை அது திரும்பப் பிடிக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். மூன்று முறை எட்டிப் பார்த்தால் சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகலாம். கண்ணாடி மூடி வைத்திருப்பதே வெளியிலிருந்து பார்ப்பதற்காகத்தான்.

சரி, கோழிக்கு வருவோம். ஸ்லோ குக்கருக்குக் கோழி வாங்கும்போது தொடையும் காலும் கேளுங்கள், நெஞ்சுக்கறி வேண்டாம். தொடைப் பகுதியில் இணைப்புத் திசு அதிகம். மணிக்கணக்காக மிதமான சூட்டில் இருக்கும்போது அது கரைந்து கறிக்கு வழவழப்பும் குழம்புக்குத் திடமும் தருகிறது. நெஞ்சுக்கறியில் அது குறைவு. அதனால் இரண்டரை மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வெந்துவிடும், அதற்கு மேல் போனால் சக்கையாகிவிடும். நாள் முழுக்க வெளியே இருக்கும் பெற்றோருக்கு அது சரிப்படாது. தோலையும் எடுத்துவிடுங்கள், இந்தச் சூட்டில் அது மொறுமொறுப்பாகாது, ரப்பர் போல ஆகும்.

என் வீட்டில் அடிக்கடி செய்வது இதுதான். ஒரு கிலோ கோழித்தொடை, மூன்று உருளைக்கிழங்கு, இரண்டு கேரட், ஒரு பெரிய வெங்காயம், இரண்டு தக்காளி, இஞ்சி, பூண்டு, மிளகு, உப்பு. வெங்காயத்தையும் பூண்டையும் மட்டும் கடாயில் ஐந்து நிமிடம் வதக்கிக்கொள்ளுங்கள். பச்சையாகப் போட்டால் அந்தக் காரல் வாசனை போகாது. உருளைக்கிழங்கும் கேரட்டும் அடியில் போக வேண்டும், கோழி மேலே. தலைகீழாகத் தோன்றும், ஆனால் இந்தச் சட்டியில் கிழங்கு கறியைவிட மெதுவாகத்தான் வேகும். அதனால் சூடு இருக்கும் அடிப்பக்கமும் ஓரமும் கிழங்குக்கு. தக்காளியின் புளிப்பு கிழங்கு மென்மையாவதை இன்னும் தாமதப்படுத்தும். எனவே அதைக் கோழிக்கு மேல் பரப்புங்கள், கிழங்கைச் சிறியதாக நறுக்குங்கள். தண்ணீர் அரை டம்ளர் போதும். ஆவி வெளியே போகாததால் கோழியும் காயும் விடுகிற நீரே குழம்பாகிவிடும். குறைந்த சூட்டில் ஆறு மணி நேரம். மூடியைத் திறக்காதீர்கள்.

ஆறு மணி நேரம் என்கிறீர்களே, நான் வீடு திரும்ப ஒன்பது மணி நேரம் ஆகுமே என்று கேட்பீர்கள். நேரம் முடிந்ததும் தானாகவே வெதுவெதுப்பு நிலைக்கு மாறும் குக்கராகப் பார்த்து வாங்குங்கள். உணவு இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே சூடாக இருக்கும். ஆனால் பச்சைக் கோழியைப் போட்டுவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து அடுப்பு தானாக எரியட்டும் என்று டைமர் வைக்காதீர்கள். கறி அத்தனை நேரம் அறைச் சூட்டில் கிடப்பது ஆபத்து. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த எல்லையைச் சீக்கிரம் தாண்ட வேண்டும் என்பதால்தான் உறைந்த கோழியையும் நேராகப் போடக் கூடாது. முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். வெந்த கறியின் நடுவில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மனதுக்கு நிம்மதி.

முந்தின இரவே நறுக்கி வைப்பதாக இருந்தால் காய் ஒரு டப்பாவில், கோழி வேறு டப்பாவில். பீங்கான் சட்டியையே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிர்ந்த சட்டி சூடேற நேரமாகும், சில சமயம் விரிசலும் விடும். சட்டி பாதிக்கு மேல், முக்கால் பாகத்துக்குள் நிறைந்திருப்பது நல்லது.

அப்புறம் குழந்தைகள். இந்தச் சாப்பாடு திட உணவு தொடங்கிவிட்ட கைக்குழந்தைக்கும் ஆகும், விரலால் நசுக்கினாலே மசியும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உப்புச் சேர்க்கக் கூடாது என்பதால், அவர்கள் இருக்கும் வீட்டில் உப்பையும் காரத்தையும் கடைசியில் உங்கள் பங்குக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். கோழி நன்றாக வெந்தால் சின்னச் சின்ன எலும்புகள் கழன்று குழம்பிலேயே கிடக்கும். பிள்ளைகள் தட்டில் வைப்பதற்கு முன் கையால் பிசைந்து பாருங்கள், கரண்டியை நம்பாதீர்கள். எலும்பில்லாத தொடை வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. குக்கரின் வெளிக்கூடும் சுடும். சுவரோரமாக வையுங்கள், வயர் கீழே தொங்க வேண்டாம்.

கோழி வேண்டாம் என்பவர்களுக்குப் பருப்பும் காயும். ஒரு கப் மைசூர்ப் பருப்பு, நான்கு கப் தண்ணீர், பூசணி, கேரட், வதக்கின வெங்காயம். குறைந்த சூட்டில் ஆறேழு மணி நேரம். காய் சாப்பிட மறுக்கும் பிள்ளைகள்கூட இதைச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் காய் எது, பருப்பு எது என்று தெரியாது. கீரை, பட்டாணி, கொத்தமல்லி எல்லாம் கடைசி அரை மணி நேரத்தில். பால், தயிர், க்ரீம் சேர்ப்பதாக இருந்தாலும் அப்போதுதான், முன்பே சேர்த்தால் திரிந்துவிடும். அந்த ஒரு சமயம் மட்டும் மூடியைத் திறக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிலைய நண்பர் விரலைக் காட்டுகிறார். சூப் வகைகளைத் தனியாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் எழ மாட்டேன். ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது. கொதிக்கிற சூட்டில்தான் அது அழியும். அரைகுறைச் சூட்டில் அதன் வீரியம் கூடவும் கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்க விடுங்கள், அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. அதன்பிறகு குக்கருக்கு மாற்றுங்கள்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அடுப்பில் கொதிக்கவைத்துச் சூடாக்குங்கள், ஸ்லோ குக்கரில் வேண்டாம். சமையல் நடுவில் மின்சாரம் போனால், நீங்கள் வீட்டில் இருந்தால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி வேகவைத்து முடியுங்கள். வெளியே போயிருந்து, எத்தனை நேரம் மின்சாரம் இல்லை என்று தெரியவில்லையா, பார்க்க நன்றாக இருந்தாலும் அதைக் கொட்டிவிடுங்கள். அன்றைக்கு பிரெட்டும் முட்டையும் போதும்.

வணக்கம்.